உளவளத்துணையும் தோட்டத்துத் தமிழும்: புற்றுநோயாளரை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

புற்றுநோய்க்கு உள்ளானோருக்கு வழங்கப்படும் உளச்சிகிச்சை பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் மருத்துவக் குறிப்புகளாகவோ ஆன்மிக அறிவுரைகளாகவோ அமைந்துவிடுகின்றன. மொழியையும் இலக்கியத்தையும் பயில்வோருக்கு இவ்விடயத்திற் சொல்வதற்கு யாதுமில்லை என்பது பொதுவான எண்ணம் போலும். ஆயின் அறுவைச் சிகிச்சைக்குக் கத்தி எதுவோ உளவளத்துணைக்குச் சொல் அதுவாகும். எந்தச் சொற்கள், எவருடைய சொற்கள், அவை கேட்பவரைச் சென்றடைகின்றனவா என்னும் வினாக்கள் எழும்போது விமர்சகனும் அவ்விடத்திற்கு வந்து சேருகின்றான். நோயுற்றவரிடம் பேசுவதற்கென எமது சமூகம் கைவசம் வைத்திருக்கும் தமிழ் எத்தகையது என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. அவ்வாறு ஆராய்வதற்குச் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களை, சிறப்பாகக் கலவான பகுதியை, உரைகல்லாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு.

சிங்கராஜ வனத்தின் அயலில், இரத்தினபுரி மாவட்டத்தில் அமைந்த கலவான, மலையகம் என்றவுடன் எம்மவர் மனக்கண்ணில் எழும் நுவரெலியாவையோ ஹற்றனையோ ஒத்த பிரதேசமன்று. இங்கு தேயிலையும் இறப்பரும் அருகருகே நிற்கின்றன. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவுகள் போலச் சிதறிக் கிடக்கின்றன. தமிழ் மக்கள் எண்ணிக்கையிற் சிறு தொகையினர். இளந்தலைமுறையினர் இரு மொழிகளையும் சரளமாகப் பேசுகின்றனர். கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் முதுமையடைந்தவர்களிற் பலருக்கோ, சிறப்பாகப் பெண்களுக்கு, கடைத்தெருச் சிங்களமே கைவந்தது. கருவாட்டுக்கு விலை கேட்க அம்மொழி போதும். தன் உடம்பில் என்ன நிகழ்கின்றது, தான் எவ்வளவு காலம் இருப்பேன், பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று கேட்க அது போதாது.

இப்பகுதியிலிருந்து இரத்தினபுரிக்குச் சென்று, அங்கிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் ஏ4 வீதியைப் பிடித்தால் வழியிலே மஹரகம வரும். நாட்டின் தலையாய புற்றுநோய் வைத்தியசாலை அங்கேயே உள்ளது. இதன் விளைவாகத் தோட்டத்துப் பேச்சில் ஒரு சொல்லாட்சி நிலைபெற்றுவிட்டது. ‘அவருக்குப் புற்றுநோய்’ என்று எவரும் கூறுவதில்லை. ‘மஹரகமவுக்கு எழுதிட்டாங்க’ என்பார்கள். கேட்டவர் மேற்கொண்டு எதுவும் வினவார். ஓர் ஊரின் பெயர் நோயின் பெயராகவும், கிட்டத்தட்டத் தீர்ப்பின் பெயராகவும் ஆகிவிட்டது. அவ்வைத்தியசாலைக்கு இன்று ‘அபேக்ஷா’ என்று பெயர். நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்பன அதன் பொருள். தமிழிலும் இச்சொல் ‘அபேட்சை’ என்று வழங்கியதுண்டு. எனினும் எம்மிடையே அதன் வழித்தோன்றலாக உயிருடன் எஞ்சியிருப்பது தேர்தலில் நிற்கும் ‘அபேட்சகர்’ மட்டுமே. நம்பிக்கை என்னும் சொல் தோட்டத்தை எட்டிய வடிவம் இதுவாயிருப்பது சற்றே கசப்பான நகைச்சுவை.

நோயின் தன்மையையும் இங்கு நோக்குதல் வேண்டும். இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவன உதடு, வாய், தொண்டை ஆகிய பகுதிகளில் உண்டாகும் புற்றுநோய்களே. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயை உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985 இல் வகைப்படுத்தியது. புகையிலை சேராத கூட்டும், பாக்குமே கூடத் தீங்கானவை என்ற முடிவினை அது 2004 இல் வெளியிட்டது. அடிமட்டச் சுகாதார ஊழியரைப் பயிற்றுவித்து மக்களின் வாயைப் பரிசோதிக்கச் செய்யலாம் என்பதை இலங்கை ஆய்வாளர்கள் 1984 இலேயே உலக சுகாதார தாபனத்தின் ஏட்டில் எடுத்துக்காட்டியிருந்தனர். இவையெல்லாம் மருத்துவ வரலாறு. எமது பொருளுக்கு வேண்டியது பிறிதொன்று. உளவளத்துணை என்பது நோயாளியைப் பேசவைத்துக் கேட்பதில் வேரூன்றிய கலை. அக்கலை இங்கு எதிர்கொள்வதோ நாவிலும் கன்னத்திலும் தாடையிலும் நோய் கொண்ட மனிதரை. அறுவையின் பின் அவர் பேச்சுக் குழறுகின்றது. கதிர்ச்சிகிச்சையின் பின் வாய் வறண்டு, விழுங்குவதே வேதனையாகின்றது. முன்பே மொழியால் ஒதுக்கப்பட்டவர் இப்போது உறுப்பாலும் ஒதுக்கப்படுகின்றார். மேலைத்தேயக் கைந்நூல்கள் ‘நோயாளியைத் தம் உணர்வுகளை விரிவாக வெளிப்படுத்தத் தூண்டுக’ என்று எழுதும்போது இவரை நினைத்திருக்குமா என்பது ஐயமே.

வெற்றிலை என்பது தோட்டத்தில் வெறும் பழக்கமன்று. பசியை அடக்குவதும், மழைக்குளிரில் உடம்பைச் சூடாக்குவதும், வந்தவரை வரவேற்பதும், சண்டையிட்டவர் சமாதானமாவதும் அதனாலேயே. இடுப்பிற் செருகிய சுருக்குப்பை ஒரு பெண்ணின் தனிச்சொத்து. நோய் கண்டபின் அவள் இழப்பது ஒரு போதையை மட்டுமல்ல, திண்ணைப் பேச்சில் தனக்கிருந்த இடத்தையும்தான். அத்துடன் குற்றவுணர்வும் வந்து சேர்கின்றது. அழுகிய வாய்களின் வண்ணப்படங்களைத் தாங்கிய விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் நோயற்றவரை எச்சரிக்கின்றன; அவை வேண்டியவையே. ஆனால் அதே சுவரொட்டியின் கீழுள்ள வாங்கில் அமர்ந்து தன் முறைக்காகக் காத்திருப்பவர் அதை எவ்வாறு வாசிப்பார்? ‘நீயே தேடிக்கொண்டது’ என்றுதான். தடுப்புப் பிரசாரத்தின் மொழியும் ஆற்றுப்படுத்தலின் மொழியும் ஒன்றாயிருக்க முடியாது என்பதை எம் சுகாதாரக் கல்வி இன்னும் போதியளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த தோட்டமொன்றில் நிகழ்ந்த ஒன்றை இவ்விடத்திற் குறிப்பிடுதல் தகும். ஒரு சிகிச்சை நிலையத்திற்குச் சென்ற மூதாட்டிக்கு மொழிபெயர்ப்பாளராக வாய்த்தவன் எட்டாந் தரத்திற் படிக்கும் அவருடைய பேரன். வைத்தியர் பொறுமையாகவே சிங்களத்தில் விளக்கியிருக்கின்றார். பையன் திரும்பி, ‘வாயில புண்ணுதானாம் அப்பாயி, கொஞ்ச நாளு வந்து போனா ஆறிருமாம்’ என்றிருக்கின்றான். அவனுக்குச் சிங்களம் விளங்காமலில்லை, நன்றாகவே விளங்கிற்று. ‘பிலிக்கா’ என்ற சொல்லைத் தமிழாக்கித் தன் அப்பாயியின் முகத்துக்கு நேரே சொல்லும் வன்மை அப்பிள்ளைக்கு இல்லை, அவ்வளவே. அன்றிரவிலிருந்து அந்தச் சொல்லை அவன் ஒருவனே சுமந்தான். ஆகவே உளவளத்துணை தேவைப்பட்டோர் அங்கு இருவர். 1987 இன் 13ஆம் திருத்தமும் 1988 இன் 16ஆம் திருத்தமும் தமிழை அரசகரும மொழியாகவும் நிருவாக மொழியாகவும் ஆக்கின. படிவத்தைத் தமிழிற் கேட்கும் உரிமை எமக்குண்டு. மரணம் பற்றிய செய்தியைத் தமிழிற் கேட்கும் உரிமையும் அதில் அடங்கும் என்று வாதிட்டவர் எவரேனும் உளரா?

பேரன் பொய் சொல்லக் கற்றது எங்கே? தமிழ்ச் சமூகம் புற்றுநோயாளருடன் எவ்வாறு பேசவேண்டும் என்பதைக் கற்பித்த பெரும் பள்ளி திரைப்படமே என்று கூறின் மிகையாகாது. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962), 1982 இல் வெளிவந்த ‘வாழ்வே மாயம்’, அதே ஆண்டின் ‘பயணங்கள் முடிவதில்லை’ ஆகிய மூன்றும் இன்றும் தோட்டங்களில் தொலைக்காட்சி வழியே பார்க்கப்படுவன. பின்னைய இரண்டிலும் அமைப்பு ஒன்றே. காதலன் தனக்குப் புற்றுநோய் என அறிகின்றான். அதனைக் காதலியிடம் மறைக்கின்றான். அவள் தன்னை வெறுக்கும்படி நடிக்கின்றான். இறுதியில் உண்மை வெளிப்பட, இறக்கின்றான். மறைத்தலே அன்பின் உச்சமென்றும், தனியே துன்புறுதலே ஆண்மையென்றும் இவை கற்பிக்கின்றன. பார்வையாளர் கண்ணீர் சிந்துவது நோயாளிக்காகவன்று, அவனுடைய இரகசியத்திற்காகவே. நோயோ கதையை முடித்துவைக்கும் சௌகரியமாக நிற்கின்றது. வலி, வாந்தி, கூலியிழப்பு, பஸ் கட்டணம் எதுவும் அதனுடன் வருவதில்லை.

இவற்றோடு ஒப்பிடுமிடத்து இருபது ஆண்டுகள் முந்திய ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ வியப்பூட்டும் வகையில் மேம்பட்டு நிற்கின்றது. அதன் நாடகத்தன்மை பற்றி எவ்வளவோ குறை கூறலாம். நோயாளி பிழைக்க வைத்தியரே உயிர்விடும் முடிவு, தியாகம் எவர் பக்கமாயினும் ஒருவர் இறந்தே ஆகவேண்டும் என்னும் விதிக்குக் கட்டுப்பட்டது. எனினும் படம் முழுவதும் வைத்தியசாலைக்குள்ளேயே நிகழ்கின்றது. நோயாளியான வேணு தான் இறக்கக்கூடும் என்பதை மனைவி சீதையிடம் நேர்நின்று பேசுகின்றான். தனக்குப் பின் அவள் வாழ்வு என்னாவது என்பதை அவளுடனேயே விவாதிக்கின்றான். அவன் முன்வைக்கும் யோசனை அவளைத் துன்புறுத்துகின்றது என்பது வேறு. நோயுற்றவரும் வாழ்க்கைத்துணையும் மரணத்தை நடுவில் வைத்துப் பேசிக்கொள்ளும் அக்காட்சி, இன்றைய உளவளத்துணையாளர் அரும்பாடுபட்டு உண்டாக்க முனையும் உரையாடலின் ஒரு வடிவமே. தமிழ்த்திரை பின்னர் அதனைக் கைவிட்டு மறைத்தலின் பக்கம் சாய்ந்தது ஏன் என்பது தனியே ஆராயத்தக்கது.

பொய் நோயாளியை என்ன செய்கின்றது என்பதைத் தோல்ஸ்தோய் 1886 இல் வெளிவந்த ‘இவான் இலியிச்சின் மரணம்’ என்னும் குறுநாவலில் காட்டியதற்கு மேலாக எவரும் காட்டியதாகத் தெரியவில்லை. நீதிபதியான இவானுக்கு வலியைக் காட்டிலும் கொடியதாயிருப்பது, அவன் இறந்துகொண்டிருப்பதை அறிந்தும் அறியாதார் போல் நடிக்கும் வீட்டாரின் பாசாங்கு. கெராசிம் என்னும் குடியானவ வேலையாள் ஒருவனே பொய் சொல்லாதவன். இரவிரவாக எசமானின் கால்களைத் தன் தோள்மீது தாங்கியிருப்பதே அவன் அளிக்கும் ‘சிகிச்சை’. இப்பாத்திரத்தை நற்குடியானவன் பற்றிய தோல்ஸ்தோயின் இலட்சியக் கற்பனை என்று ஒதுக்கும் விமர்சகர் உண்டு. அதில் உண்மையில்லாமலில்லை. ஆனால் பட்டமும் பயிற்சியும் அற்ற, உழைப்பவனாகிய ஒருவனிடத்தேதான் அவ்வீட்டில் துணை என்பது இருந்தது என்ற அவதானம் எமது தோட்டங்களுக்கு மிகவும் பொருந்துவது. சொல்செனிற்சினின் ‘புற்றுநோய்க்கூடம்’ நாவலில் வரும் பொதுயெவ் என்னும் கட்டட வேலைக்காரனையும் இங்கு நினைத்தல் வேண்டும். அவனுக்கு நோய் கண்ட இடமும் நாவே. வாழ்நாள் முழுவதும் வசைபாடிய அம்மனிதன், கூடத்தில் கைமாறிய தோல்ஸ்தோயின் கதைத்தொகுதி ஒன்றை வாசித்து, மனிதன் எதனால் உயிர்வாழ்கின்றான் என்று கட்டிலுக்குக் கட்டில் கேட்டுத் திரிகின்றான். எவரிடமும் சரியான விடை இல்லை. கேட்க ஒரு கூடமும், கேள்வியைக் கொண்ட ஒரு நூலும் தன் மொழியில் அவனுக்குக் கிடைத்தன. கலவானத் தோட்டத்துத் தொழிலாளிக்கு இவ்விரண்டும் அரிது.

எமது மலையக இலக்கியம் இக்குறையை நிரப்பியிருக்கின்றதா? என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ (1980), தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ (1974), கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) போன்ற ஆக்கங்கள் தோட்டத் தொழிலாளியை மனிதராக எம்முன் நிறுத்திய பெருமைக்குரியன. எனினும் நான் வாசித்தவரை, மலையகப் புனைகதையில் நோய் பெரும்பாலும் சுரண்டலின் சான்றாகவே வருகின்றது. மருந்தில்லாத டிஸ்பென்சரி, வேலைக்கு விரட்டும் கணக்கப்பிள்ளை, தாமதமாகும் லொறி ஆகியன தத்ரூபமாகச் சித்திரிக்கப்படுகின்றன. கட்டிலில் கிடப்பவர் அவ்விரவில் என்ன நினைத்தார் என்பது குறைவாகவே கேட்கப்பட்டது. இது அவ்வெழுத்தாளரின் ஆற்றற் குறைவென நான் கருதவில்லை. அக்காலத்தில் உரத்துச் சொல்ல வேண்டியது வேறாக இருந்தது. ஆயினும் வர்க்கத்தின் துயரைச் சொல்லக் கற்ற எழுத்து, தனிமனிதனின் அச்சத்தைச் சொல்வது ஏதோ பலவீனம் என்ற தயக்கத்தை இன்னும் முற்றாக விட்டொழிக்கவில்லை.

வாய்மொழி மரபிலும் ஓர் இடைவெளி புலப்படுகின்றது. ஒப்பாரி தோட்டத்துப் பெண்களின் மாபெரும் செல்வம். நெஞ்சிலுள்ளவற்றையெல்லாம், வாழ்நாளில் சொல்லமுடியாத வசைகளைக்கூட, அவ்வடிவம் கொட்டித்தீர்க்க இடமளிக்கின்றது. ஆனால் அது உயிர் பிரிந்த பின்னரே தொடங்குவது. உயிருடனிருப்பவர் முன் ஒப்பாரி வைப்பது அபசகுனம். சமூக அமைப்பிலும் இதுவே நிலை. மரண உதவிச் சங்கம் உண்டு, சந்தா உண்டு, பந்தல், பறை, தேநீர் அனைத்துக்கும் ஒழுங்குண்டு. ஒருவர் இறந்தால் அயல் முழுவதும் ஒரு மணித்தியாலத்தில் திரள்கின்றது. அவர் இறப்பதற்கு முன்னைய ஆறு மாதங்களுக்கு எந்தச் சங்கமும் இல்லை.

இனி, உளச்சிகிச்சை உண்மையில் எதனைச் சாதிக்க வல்லது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். ஏனெனில் இவ்விடயத்தில் தமிழ்ச் சஞ்சிகைகள் பரப்பும் மயக்கம் சிறிதன்று. நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டறிங் நிலையத்தில் ஜிம்மி ஹொலண்ட் என்னும் உளமருத்துவர் 1977 முதல் புற்றுநோயாளருக்கான உளமருத்துவச் சேவையை உருவாக்கினார். புற்றுநோய் உளவியல் தனித்துறையாக எழுந்தது அதன் வழியாகவே. வலி என்பது உடல், உள்ளம், சமூகம், ஆன்மா ஆகிய அனைத்தையும் பற்றியது என்று கூறிய சிசிலி சோண்டர்ஸ் 1967 இலேயே இலண்டனில் சென் கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கியிருந்தார். 1989 இல் டேவிட் ஸ்பீகலும் அவருடன் பணிபுரிந்தோரும் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களை ஆராய்ந்தபோது, வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியோர் சராசரியாக 36.6 மாதங்களும் ஏனையோர் 18.9 மாதங்களும் வாழ்ந்தனர் என்பது அதன் முடிவு. உலகெங்கும் இது பேசப்பட்டது. மனம் உறுதியாயின் நோய் தோற்கும் என்ற கட்டுரைகளுக்கு அது விதையாயிற்று. ஆனால் 2001 இல் கனடாவில் 235 பெண்களைக் கொண்டு செய்யப்பட்ட பெரிய ஆய்வில் ஆயுள் நீடிக்கவில்லை. 2007 இல் ஸ்பீகல் தாமே செய்த மறு ஆய்விலும் ஒட்டுமொத்தமாக அவ்விளைவு காணப்படவில்லை. கனடிய ஆய்விற் கண்டது வேறொன்று: மிகுந்த மனத்துயருடன் இருந்த பெண்களுக்கு அத்துயர் குறைந்தது, வலியும் குறைவாக உணரப்பட்டது.

இது சிறிய பயன் என்று கருதுவோர், மனத்துயர் எவ்வளவு பரந்தது என்பதை நோக்க வேண்டும். வைத்தியசாலைகளிற் சிகிச்சை பெறும் புற்றுநோயாளருள் 30 முதல் 40 சதவீதமானோரிடம் ஏதேனுமொரு மனநிலைக் கோளாறு காணப்படுவதாக 2011 இல் வெளியான பெருந்தொகுப்பாய்வு ஒன்று கூறுகின்றது. துயரைத் தணிப்பதற்கு ஆயுள் நீட்டிப்பு என்ற போலிக் காரணம் தேவையில்லை. ‘தன்னம்பிக்கையே மருந்து’ என்ற வாய்பாட்டினை நான் கடுமையாக எதிர்ப்பதற்குக் காரணம், அதன் மறுபுறம் கொடியது என்பதே. நோய் முற்றினால் உன் நம்பிக்கை போதவில்லை என்று அது கூறாமற் கூறுகின்றது. தாமும் புற்றுநோய்க்கு ஆளான சூசன் சொன்ராக் 1978 இல் வெளியிட்ட ‘நோய் என்னும் உருவகம்’ என்னும் நூலில் இக்குற்றஞ்சாட்டும் உளவியலையும், நோயைப் போராகவும் நோயாளியைப் போராளியாகவும் வருணிக்கும் வழக்கையும் தோலுரித்துக் காட்டினார். எமது மேடைகளில் சாதி ஒரு புற்றுநோய், இனவாதம் ஒரு புற்றுநோய், இலஞ்சம் ஒரு புற்றுநோய். முற்போக்கு விமர்சகரும் இதற்கு விலக்கல்லர். எமது சங்கத்தின் பழைய மலர்களைப் புரட்டினாலே போதும். அவையோரிடையே அந்நோய் கொண்டவரின் மகளும் அமர்ந்திருக்கலாம் என்பது எமக்குத் தோன்றுவதில்லை.

ஈழத்துத் தமிழில் ‘உளவளத்துணை’ என்னும் சொல் வழக்கிற்கு வந்தமை வரவேற்கத்தக்கது. தமிழகத்தில் வழங்கும் ‘ஆலோசனை’ மேலிருந்து கீழ்நோக்கிச் சொல்லப்படுவது; ‘துணை’ அருகிருந்து வருவது. இத்துறைக்குரிய தமிழ் பெரிதும் வளர்ந்தது வடக்கிலும் கிழக்கிலும், போரின் நடுவிலும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரும். ஆகவே அதன் கலைச்சொற்களில் அப்பிரதேசத்தின் மணம் இருப்பது இயல்பே. ‘பதகளிப்பு’ என்பதை எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தவருக்கு அது பேச்சுமொழியிலிருந்தே எழுந்த உயிருள்ள சொல். அதைத் துறைச்சொல்லாக்கியவரின் மொழியுணர்வு பாராட்டுக்குரியது. ஆனால் கலவானத் தோட்டத்து லயத்தில் அச்சொல் எதனையும் எழுப்பாது. அங்கே ‘படபடன்னு வருது’, ‘நெஞ்ச அடைக்குது’, ‘ராவுல கண்ண மூட முடியல’, ‘மனசு விட்டுப்போச்சு’ என்பார்கள். உளத்துன்பம் அங்கு உடம்பின் மொழியிலே பேசுகின்றது. ‘உளநெருக்கீடு’, ‘எதிர்மறை எண்ணங்கள்’, ‘மனவெழுச்சிகளை வெளிப்படுத்தல்’ என்று எழுதிய துண்டுப்பிரசுரத்தைப் பெற்றவர் மடித்துச் சேலைத்தலைப்பில் முடிந்துகொள்வார். வீட்டுக்கு வந்து பேரனிடம் கொடுப்பார். எலிசபெத் கூப்ளர்-ரொஸ் 1969 இல் நோயாளரோடு உரையாடி அவதானித்த மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்பனவும் எமது கைந்நூல்களில் பரீட்சைக்கு மனனஞ்செய்யும் ஐந்து படிகளாகவே வந்துசேர்ந்துள்ளன. கேட்டறிந்து எழுதப்பட்டது கேளாமலே ஒப்புவிக்கப்படுகின்றது. வடக்கில் நிகழ்ந்தது போன்று தோட்டத்துப் பேச்சிலிருந்தும் சொற்களை எடுக்கலாகாதா?

மொழிக்கு அப்பால் இடமும் ஒரு பிரச்சினை. அந்தரங்கமான அறை, இரகசியம் பேணல் என்பன உளவளத்துணையின் முதல் நிபந்தனைகள். லயத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் மூன்றாங் காம்பராவுக்குக் கேட்கும். மார்பக அறுவையின் பின் வீடு திரும்பிய பெண்ணை எண்ணிப்பார்க்க. பெண்கள் சேர்ந்து குளிப்பது பீலியில். குறுக்குக் கட்டிய சேலை அவளுடைய ஒரு பக்கத்தின் வெறுமையை மறைக்காது. அவள் குளிக்கச் செல்வதை நிறுத்துகின்றாள், அல்லது எல்லாரும் உறங்கிய பின் செல்கின்றாள். அந்தப் பக்கத்துக் கை வீங்கும் அபாயம் இருப்பதால் கொழுந்து பறித்தல் கடினமாகின்றது. கிளினிக்குக்குச் செல்லும் நாளில் அவளுக்குப் பேரில்லை, உடன் வருபவருக்கும் பேரில்லை. நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்ததென்று பேசப்பட்டது. இருவரின் பேர் போய், பஸ் கட்டணமும் போனால் அவ்வுயர்வில் என்ன எஞ்சும்? அவளது மனச்சோர்வை இவற்றிலிருந்து பிரித்தெடுத்து ‘உளப்பிரச்சினை’ என்று பெயரிடும் உளவளத்துணை அவளைப் பாதியே கேட்கின்றது. அதேவேளை, கூலி உயர்ந்தால் எல்லாம் தீரும் என்று தொழிற்சங்க மேடையிற் சொல்வோரும் மறுபாதியையே கேட்கின்றனர். பீலிக்குப் போக அவள் வெட்கப்படுவதைச் சம்பளச் சபை தீர்த்துவைக்காது.

வழி உண்டா எனின், அயலில் கேரளம் ஒன்றினைச் செய்துகாட்டியிருக்கின்றது. 1993 இல் கோழிக்கோட்டில் எம்.ஆர். ராஜகோபால் முதலிய வைத்தியர்கள் தொடங்கிய வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கமும், 2001 அளவில் அதிலிருந்து கிளைத்த அயலவர் வலையமைப்பும், ஊராரையே பயிற்றுவித்து நோயாளரின் வீட்டுக்கு அனுப்பின. அங்கு தொண்டருக்கும் நோயாளிக்கும் மொழி ஒன்று; வாக்குப்பலமும் எழுத்தறிவும் வேறு. அப்படியே பெயர்த்து நடமுடியாது. சென்னை அடையாற்றில், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954 இல் நிறுவிய புற்றுநோய் நிலையம் உளவியற் பிரிவொன்றை நடத்திவருகின்றது; தமிழில் நோயாளரோடு பேசிய அனுபவம் அங்கே சேர்ந்திருக்கின்றது. இலங்கையிலும் 2019 முதல் 2023 வரையான காலத்திற்கெனத் தேசிய ஆதரவுச் சிகிச்சைத் திட்டச்சட்டகம் ஒன்று வகுக்கப்பட்டது. சட்டகம் தோட்டத்து வாசலை எட்டுவதற்கு அங்கு ஏற்கெனவே நடமாடுவோர் வேண்டும். மருத்துவ மாது, பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர், டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஆகியோர் எல்லாக் காம்பராவுக்கும் போய்வருபவர்கள். மரண உதவிச் சங்கமும் தன் சந்தாவிற் சிறுபகுதியை மஹரகமவுக்குச் செல்லும் உறுப்பினரின் பயணச் செலவுக்கு ஒதுக்கத் தீர்மானிக்கலாம். அதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் வேண்டியதில்லை, பொதுக்கூட்டம் ஒன்று போதும்.

எமது தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் நாடகமும் பட்டிமன்றமும் நடத்துகின்றது. தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகத்திற்கு வந்தோர் எம்மிடையே சிலராயினும் உள்ளனர். விடுமுறையில் அவர்கள் செல்லுமிடம் அத்தோட்டங்களே. நோயும் வலியும் பயமும் பற்றி அங்குள்ளோர் பேசும் சொற்களை அவர்கள் கேட்டுக் குறித்து வரலாம். நோயாளியிடம் கேட்கத்தக்க இருபது கேள்விகளை அச்சொற்களிலேயே அமைத்து, சிங்களம் பேசும் தாதியும் வாசிக்கக்கூடிய வகையில் சிங்கள எழுத்திலும் அருகே எழுதலாம். பேசமுடியாதவர் விரலால் தொட்டுக்காட்டப் படங்களும் வேண்டும்: வலி எங்கே, தாகமா, யாரைப் பார்க்க வேண்டும், விளக்கை அணைக்கலாமா, தனியே இருக்க விருப்பமா. ‘நீங்கள் மனச்சோர்வடைந்துள்ளீர்களா?’ என்பதன் இடத்தில் ‘ராவுல தூங்குறீங்களா அப்பாயி? முழிச்சிருந்தா என்னா நெனப்பு வருது?’ என்று அதில் இருக்கட்டும். இரண்டாவது கேள்விக்கு வரும் விடை நீளமாயிருக்கக்கூடும். கேட்பவர் அதற்கு முன் உட்கார்ந்துகொள்வது நல்லது.